எண்ணூர்க் கழியும் பொருளியல் சோதனைச்சாலையும்

சென்னைக்கு வடக்கே, கொசத்தலையாறு கடலோடு கலக்கும் இடத்தில் எண்ணூர்க் கழிமுகம் அமைந்துள்ளது. எண்ணூர் என்றவுடன் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளும், 2001-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று இப்போது காமராசர் துறைமுகம் என வழங்கும் துறைமுகமும், சரக்கு லாரிகளின் நீண்ட வரிசையுமே பலருக்கு நினைவில் வரும். அவை வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே அந்தக் கழியை நம்பி வாழும் மீனவக் குப்பங்கள் அங்கே உண்டு. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்பன அவற்றுள் சில. இறாலும் நண்டும் மடவையும் அம்மக்களின் விளைச்சல். கழியே அவர்களுடைய நிலம். ஆனால் அந்த நிலத்துக்கு வரப்பு இல்லை, பட்டா இல்லை, கிணற்று மேட்டில் நின்று ‘இது என்னுடையது’ என்று சொல்லும் உரிமையும் ஒருவருக்கும் இல்லை.

வரப்பில்லாத சொத்தைப் பலர் சேர்ந்து அனுபவிப்பது எங்ஙனம்? இக்கேள்வி எண்ணூருக்கு மட்டும் உரியதன்று. ஊர் ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு, நிலத்தடி நீர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஊராட்சி மன்ற உறுப்பினர்களாகிய நீங்கள் மாதந்தோறும் தீர்த்துவைக்கும் வழக்குகளில் பாதி இக்கேள்வியின் கிளைகளே. கடந்த அரை நூற்றாண்டில் பொருளியல் அறிஞர்கள் இதனைச் சோதனைச்சாலையில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றை நம் கிராமங்களின் அனுபவத்தோடு சேர்த்து இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் கழியைப் பார்ப்போம். பழவேற்காடு ஏரியிலும் எண்ணூர்க் கழியிலும் ‘பாடு’ என்றொரு முறை வழங்கி வருகிறது. வலை கட்டும் இடத்துக்கும் பாடு என்று பெயர். அங்கே கட்டுவதற்கு ஒருவருக்கு வரும் முறைக்கும் பாடு என்றே பெயர். பழவேற்காட்டின் பாடு முறையைப் பற்றி ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டுள்ளது.

கழியில் எல்லா இடமும் ஒன்றுபோல் இராது. முகத்துவாரத்தை அண்டி, நீரோட்டம் வாட்டமாக உள்ள இடத்தில் கம்புகளை ஊன்றி வலை கட்டினால் இறால் மிகுதியாக விழும். உள்ளே தள்ளியிருக்கும் இடத்தில் கூடை நிறைவதே அரிது. ‘முந்தியவனுக்கு நல்ல இடம்’ என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? நடு இரவிலேயே படகுகள் போட்டி போட்டுக்கொண்டு கிளம்பும். ஒருவர் வலைக்கு முன்னால் மற்றொருவர் வலை மறிக்கும். கம்பு ஊன்றுவதில் தொடங்கிய பேச்சு காவல் நிலையத்தில் போய் முடியும். இதைத் தவிர்ப்பதற்கே பாடு முறை தோன்றியது. ஊர் கூடிச் சீட்டுக் குலுக்குகிறது. சீட்டு விழும் வரிசைப்படி உரிமையுள்ளவர்களுக்கு முறை கிடைக்கிறது. பிறகு அவர்கள் இடம் மாறி மாறி வலை கட்டுகிறார்கள். இன்று நல்ல இடத்தில் கட்டியவர் மற்றொரு நாள் சுமாரான இடத்துக்குப் போவார். எவருக்கும் மனத்தாங்கல் இல்லை, சீட்டின்மேல் யார் கோபித்துக்கொள்ள முடியும்?

இம்முறையில் காவலுக்குத் தனி ஆள் வைப்பதில்லை என்பதை நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். இன்றைய நல்ல இடம் எவருடைய முறையோ, அவரே இன்றைக்குக் காவலர். தமக்குரிய இடத்தில் வேறொருவர் வலை கட்டினால் அவர் சும்மா இருக்கமாட்டார். மற்றவர்களும் அவர் பக்கம் நிற்பார்கள், நாளை தங்கள் முறையும் வருமன்றோ!

துருக்கி நாட்டில் அலானியா என்னும் கடற்கரை ஊரின் மீனவர்களும் ஏறத்தாழ இதே ஏற்பாட்டைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் சீட்டுக் குலுக்கி இடங்களை ஒதுக்குகிறார்கள். ஜனவரி வரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் கிழக்கே ஓர் இடம் நகர்கிறார்கள். ஜனவரிக்குப் பின் மேற்கே நகர்கிறார்கள். மீன் கூட்டங்கள் கரையோரமாக இடம்பெயரும் திசையை ஒட்டி இந்த ஏற்பாடு அமைந்தது. அலானியாவின் கதையை உலகம் அறியச் செய்தவர் எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அமெரிக்கப் பேராசிரியை. பொதுச் சொத்தை மக்கள் தாமே ஆளுவது பற்றிய ஆராய்ச்சிக்காக 2009-ஆம் ஆண்டில் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

அவருக்கு முன்னே அறிஞர் உலகில் வேரூன்றியிருந்த கருத்து வேறு. 1968-ஆம் ஆண்டில் காரெட் ஹார்டின் என்பவர் எழுதிய கட்டுரை அதற்குப் பெருவழி திறந்தது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மாடு, இன்னும் ஒரு மாடு என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். இறுதியில் புல்லும் போகும், மாடும் போகும். ஆகவே நிலத்தைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அல்லது அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அவர் வாதத்திலிருந்து பலர் எடுத்துக்கொண்ட முடிவு. உண்மையில் நம்மைப் போன்ற அலுவலர்களுக்கு இந்தக் கருத்து மிகவும் வசதியாக இருந்தது. நம்முடைய மேசைக்கு ஒரு முக்கியத்துவம் கிடைத்ததல்லவா?

இரண்டில் எது சரி என்பதை வாதத்தினால் தீர்க்க இயலாது. விதையின் தரத்தை அறிய ஆராய்ச்சிப் பண்ணையில் இரண்டு பாத்திகள் போட்டுப் பார்க்கிறோம். ஒன்றுக்கு உரம் இடுகிறோம், மற்றொன்றுக்கு இடுவதில்லை. மற்ற யாவும் ஒன்றே. மனிதர்களின் முடிவுகளையும் அப்படிச் சோதிக்கலாம் என்பதுதான் சோதனைப் பொருளியல். 1948-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எட்வர்டு சேம்பர்லின் தம் மாணவர்களைக் கொண்டு வகுப்பறைச் சந்தை ஒன்றை நடத்தி அதன் விளைவை எழுதி வெளியிட்டார். அந்த வகுப்பறையில் மாணவராயிருந்து, பின்னர் அவ்வழியைச் செம்மைப்படுத்தியவர் வெர்னான் ஸ்மித். 2002-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். இச்சோதனைகளில் கலந்துகொள்பவருக்கு, ஆட்டத்தில் அவர் ஈட்டும் அளவுக்கேற்ப உண்மையான பணம் கொடுக்கப்படுகிறது. வாய்ப்பேச்சுக்கு விலை இல்லை, பணம் கைமாறும்போதே மனம் வெளிப்படும் என்பது அதன் காரணம்.

இச்சோதனைகளுள் எளியது ஒன்றைப் புளியங்கொட்டையை வைத்தே விளக்கிவிடலாம். ஐந்து பேர் உட்காருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பத்துக் கொட்டைகள். நடுவே ஒரு பானை. தாம் விரும்பிய அளவு கொட்டைகளை மற்றவர் அறியாமல் பானையில் போடலாம், மீதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம். பானையில் சேர்ந்ததை இரட்டிப்பாக்கி, போட்டவர் போடாதவர் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். பானையை ஊர் ஏரிக் கரை வேலை என்று எண்ணிக்கொள்ளுங்கள். வேலைக்கு வந்தவர் வயலுக்கும் தண்ணீர் பாயும், வராதவர் வயலுக்கும் பாயும்.

எல்லோரும் பத்தையும் போட்டால் பானையில் ஐம்பது, இரட்டித்தால் நூறு, தலைக்கு இருபது. ஒருவர் மட்டும் ஒன்றுமே போடாமல் ஏய்த்தால் பானையில் நாற்பது, இரட்டித்தால் எண்பது, தலைக்குப் பதினாறு. ஏய்த்தவரிடம் கையிருப்பு பத்தோடு சேர்த்து இருபத்தாறு! போட்டவர்களிடம் பதினாறு. இதைக் கண்ட மற்றவர்களும் போடுவதை நிறுத்தினால் எல்லோரிடமும் பத்துதான் மிஞ்சும். இருபது கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் பத்து. ஒவ்வொருவரும் தம்மளவில் கெட்டிக்காரராக நடந்துகொண்டார்கள், ஊர் ஏமாந்தது.

பல நாடுகளில் பலமுறை நடத்தப்பெற்ற இந்த ஆட்டத்தில் ஒரே போக்கு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. முதற் சுற்றில் மக்கள் ஏறக்குறையப் பாதியைப் போடுகிறார்கள். ஹார்டின் அஞ்சிய அளவுக்கு அவர்கள் சுயநலக்காரர்கள் அல்லர். ஆனால் சுற்றுகள் செல்லச் செல்ல, ‘நான் மட்டும் ஏன் இளிச்சவாயனாக இருக்க வேண்டும்?’ என்னும் எண்ணம் ஓங்குகிறது. பானை வற்றிக்கொண்டே போகிறது. குடிமராமத்து எப்படித் தேய்ந்தது என்பதைக் கண்ணால் கண்ட முதியவர்களுக்கு இதில் வியப்பேதும் இராது.

இனி இன்டியானா பல்கலைக்கழகத்தில் ஆஸ்ட்ரம் அம்மையாரும், ஜேம்ஸ் வாக்கர், ராய் கார்ட்னர் ஆகிய இருவரும் சேர்ந்து நடத்தி 1992-இல் வெளியிட்ட சோதனைக்கு வருவோம். எட்டு மாணவர்கள். ஒவ்வொருவரும் தம் முதலை இரண்டு வழிகளில் இடலாம். ஒரு வழியில் நிலையான வருவாய். மற்றொன்று பொதுக் கழி போன்றது: அளவாக இறங்கினால் நல்ல லாபம், எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினால் ஒருவருக்கும் லாபமில்லை. ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று வைத்தபோது, கிடைத்திருக்கக்கூடிய ஆதாயத்தில் 21 சதவீதமே அவர்கள் கைக்கு வந்தது. ஒரே ஒருமுறை கலந்து பேச இடமளித்தபோது அது 55 சதவீதமாயிற்று. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் பேசலாம் என்றபோது 73 சதவீதம். பேசியதை மீறினால் கேட்பாரில்லை. கையெழுத்து இல்லை, முத்திரைத்தாள் இல்லை. வெறும் பேச்சுக்கே அவ்வளவு பயன்.

அதே சோதனையில் அபராதத்தையும் பார்த்தார்கள். பேச்சுக்கு இடமளியாமல், ஒருவருக்கொருவர் அபராதம் விதிக்கும் அதிகாரத்தை மட்டும் ஆராய்ச்சியாளர்களே கொடுத்தார்கள். விதிப்பவரும் அதற்கு ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். ஆதாயம் 37 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் அபராதத்தையும் கட்டணத்தையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது 9 சதவீதமே; ஒன்றும் செய்யாதிருந்ததைவிடக் குறைவு! அபராதம் செலுத்தியவர்களுள் சிலர், நேர்மையாக நடந்தவர்மீதே பழிவாங்கும் எண்ணத்தோடு அபராதம் போட்டதையும் ஆராய்ச்சியாளர்கள் குறித்துள்ளார்கள். மூன்றாவதாக, முதலில் கலந்து பேசுங்கள், அபராதம் வேண்டுமா, எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டார்கள். அபராதம் வேண்டும் என்று தாங்களே தீர்மானித்த குழுக்கள் எல்லாச் செலவும் போக 90 சதவீதம் பெற்றன. அங்கே அபராதம் விதிக்கும் தேவையே அருகிவிட்டது.

இவை மாணவர்கள் விளையாடியவை, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று கேட்கலாம். ஹுவான் கமிலோ கார்டெனாஸ் என்னும் அறிஞர் கொலம்பியா நாட்டின் கிராமங்களுக்கே போனார். காட்டில் விறகு எடுக்கும் மக்களைக் கொண்டு, ‘எவ்வளவு காலம் காட்டில் விறகெடுப்பீர்கள்?’ என்பதையே ஆட்டமாக்கினார். சில குழுக்களுக்குக் கலந்து பேச இடமளித்தார். வேறு சில குழுக்களுக்கு, வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து எப்போதாவது ஒருவரைச் சோதித்து அபராதம் விதிப்பார் என்று சட்டம் வைத்தார். சட்டம் வைத்த குழுவில் முதலிரண்டு சுற்றுகளில் ஒழுங்கு தெரிந்தது. சோதனை அரிதாகவே வருகிறது என்று கண்டுகொண்டபின் அவர்கள், சட்டமே இல்லாதிருந்தபோது காட்டிய கட்டுப்பாட்டையும் கைவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த ஆய்வின் முடிவு அலுவலர்களாகிய நம்மை உறுத்த வேண்டியது: கலந்து பேசிய குழுக்களே மேலான பயன் கண்டன.

இந்த இடத்தில் நம்முடைய தவறு ஒன்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு கிராமத்தில் ஏரிக்கரையில் பனங்கன்றுகள் நட்டிருந்தோம். மாடுகள் மிதித்தன. மாட்டுக்கு நூறு ரூபாய் அபராதம் என்று தீர்மானம் நிறைவேற்றும்படி மன்றத்துக்கு நாமே யோசனை கூறினோம். கூறினோம் என்பதைவிட வற்புறுத்தினோம் என்பதே பொருத்தம். அதற்கு முன்பெல்லாம் மாடு கரையில் ஏறினால் உடையவர் ஓடிவந்து, ‘தெரியாமல் வந்துவிட்டது ஐயா’ என்று தலையைச் சொறிவார். தீர்மானம் வந்த மூன்றாம் வாரத்தில், பத்து மாடுகள் வைத்திருந்த ஒருவர் அலுவலகத்துக்கே வந்து, “ஐயா, தினமும் கட்டுவது தொல்லையாக இருக்கிறது, மாதத்துக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுங்கள், மொத்தமாகச் செலுத்திவிடுகிறேன்” என்றார். அவர் கேலி செய்யவில்லை. நாம் அபராதம் என்று நினைத்ததை அவர் குத்தகை என்று எடுத்துக்கொண்டார். இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் இதே அனுபவம் ஏற்பட்டதைப் பின்னர் படித்தறிந்தோம். பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அபராதத்தை நீக்கிய பின்பும் பழைய நிலை திரும்பவில்லை. வெட்கத்தை ஒருமுறை விலைக்கு விற்றுவிட்டால் மீண்டும் வாங்க முடிவதில்லை போலும்.

நமக்கு அண்மையில் நடந்தது ஆந்திர மாநிலத்தின் நிலத்தடி நீர் ஆட்டம். பாறைப் பாங்கான வறண்ட பகுதிகளில், தொண்டு நிறுவனங்கள் உழவர்களைக் கூட்டி, ஒவ்வொரு பருவத்துக்கும் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிரா, அதிகமாகக் குடித்து அதிக வருவாய் தரும் பயிரா என்று தேர்ந்தெடுக்கச் செய்தன. எவர் எதைத் தேர்ந்தாலும் எல்லோருக்கும் பொதுவான நீர்மட்டம் அதற்கேற்ப இறங்கும். 2016-இல் வெளிவந்த முடிவுகள் இன்டியானா சோதனையோடு முற்றிலும் ஒத்துப்போகவில்லை. பேச இடமளித்த சுற்றுகளிலும் பயிர்த் தேர்வு ஏறக்குறைய முன்போலவே இருந்தது. பயிருக்கும் கிணற்றுக்கும் உள்ள தொடர்பு கண்முன்னே தெரிந்ததுமே பலர் ஒத்துழைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது அதில் தெரிகிறது. தொண்டு நிறுவனத்தோடு நெடுநாள் பழகிய ஊர்களில் ஒத்துழைப்பு மிகுதியாக இருந்தது. ஓராண்டு கழித்துச் சென்று பார்த்தபோது, ஆட்டம் நடந்த ஊர்கள், நடவாத ஊர்களைவிட, தண்ணீர்க் கணக்குப் பதிவேடும் நீர்ப் பயன்பாட்டு விதிகளும் ஏற்படுத்திக்கொள்வதில் முன்னின்றன. எனவே ஆட்டத்தின் பயன் ஆட்டத்தோடு முடியவில்லை. அதற்குப்பின் ஊரில் எழுந்த பேச்சில் இருந்தது எனலாம்.

தொழில் மனிதனைப் பழக்குகிறது என்பதற்கும் மீனவரிடமே சான்று உண்டு. பிரேசில் நாட்டில் ஏரியில் தனித்தனியாக மீன் பிடிப்பவர்களையும், கடலில் குழுவாகச் சென்று பிடிப்பவர்களையும் ஒரே ஆட்டத்தில் சோதித்தபோது கடல் மீனவர்களே அதிகமாக ஒத்துழைத்தார்கள். தினமும் ஒரே வலையை இழுப்பவன் பானையில் போடத் தயங்குவதில்லை. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி வைத்து, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய நம் ஆயக்கட்டு உழவர்களையும், தனித்தனியே ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்ட உழவர்களையும் அவ்வாறு சோதித்தால் என்ன தெரியவரும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

மீண்டும் எண்ணூருக்கு வருவோம். சோதனைச்சாலையில் எட்டுப் பேருக்கும் சம முதல், சம உரிமை. கழியில் அப்படியில்லை. பாடு முறையில் சீட்டுக் குலுக்கலில் இடம்பெறும் உரிமை குறிப்பிட்ட ஊர்களின் குறிப்பிட்ட மீனவர்களுக்கே உண்டு. கழியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு மிக நியாயமான ஒரு முறை வெளியே இருப்பவர்களுக்கு எப்படித் தோன்றும் என்பதை, பாடு முறையைப் புகழும் நாம் மறக்கலாகாது. ஊராட்சியில் பொதுச் சொத்துக்கு விதி வகுக்கும் கூட்டத்தில் யார் வந்திருக்கிறார்கள் என்பதற்கு முன் யார் வரவில்லை என்று பார்ப்பது முதல் வேலை.

கூட்டத்துக்கே வராமல் கழியைப் பயன்படுத்தும் மற்றொரு சாராரும் உண்டு. அனல்மின் நிலையங்களின் சாம்பல் பல ஆண்டுகளாகக் கழியில் படிந்து ஆழத்தைக் குறைத்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து பரவியபோது படகும் வலையும் கறுத்தன, மீன்பிடி நின்றது. சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த இடம் என்று தீர்ப்பது குப்பத்தாரால் ஆகும். சாம்பலுக்கும் எண்ணெய்க்கும் முறை வைப்பது அவர்களால் ஆகாது. மக்கள் தாமே ஆளும் பொதுச் சொத்து நிலைப்பதற்கு ஆஸ்ட்ரம் அம்மையார் 1990-ஆம் ஆண்டு நூலில் கூறிய நிபந்தனைகளில், விதி வகுத்துக்கொள்ளும் மக்களின் உரிமையை அரசாங்கம் அங்கீகரிக்க வேண்டும் என்பதும் ஒன்று. அந்த நிபந்தனை மக்களுக்கு இடப்பட்டதன்று, நமக்கு இடப்பட்டது.

உங்கள் மன்றத்தில் இந்த ஆட்டத்தை நடத்திப் பார்க்க விரும்பினால் ஐம்பது புளியங்கொட்டைகளும், ஒரு பானையும், கணக்கு வைத்துக்கொள்ள ஒரு பள்ளி மாணவனும் போதும். பத்துச் சுற்று ஆடலாம். ஐந்து சுற்று பேசாமல், ஐந்து சுற்று பேசி. ஏரிக்கரை வேலையோ ஆழ்குழாய்க் கிணறோ எது உங்கள் ஊரில் எரியும் பிரச்சினையோ, அதைத் தொடர்ந்து பேசுங்கள். ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் கூறுகிறோம். நாம் ஒரு கிராமத்துத் திண்ணையில் இதை முதன்முதலாக நடத்தியபோது, முதல் மூன்று சுற்றிலும் ஐவரும் பத்துக் கொட்டைகளையும் போட்டார்கள். கிராமத்தின் ஒற்றுமையை மெச்சிக்கொண்டே தேநீர் அருந்தச் சென்று திரும்பினோம். அதற்குள் நடந்த நான்காம் சுற்றுக்கு மாணவன் எழுதிவைத்திருந்த கணக்கு: பானையில் பதினொன்று. ஆகவே ஆட்டம் நடக்கும்போது அலுவலர் எவரும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.